தண்டவாள ஆணியில் கத்தி அடிக்கும் முன்: பட்டறையில் நேரும் தவறுகள்

தண்டவாள ஆணியைக் கையில் எடுத்தால் கனமாக இருக்கும். ரயிலையே தாங்கிய இரும்பு, நல்ல உருக்காகத்தான் இருக்கும் என்று தோன்றும். மற்ற தவறுகளில் பாதி இந்த நினைப்பில் இருந்துதான் வருகின்றன. மரக்கட்டையில் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஆணியின் வேலை. அதிர்வில் அது வளையலாம், ஒடியக்கூடாது. அதனால் கார்பன் குறைந்த மெது இரும்பில்தான் அதைச் செய்தார்கள். அமெரிக்க ஆணிகளில் தலையில் எச்.சி. என்று பொறித்தவற்றை 'அதிக கார்பன்' என்பார்கள். அதிலும் கார்பன் 0.30 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கூர் நிற்கும் கத்திக்கு 0.5 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

ஆகவே ஆணியில் கொக்கி, விளக்கு மாட்டி, கதவுக் கைப்பிடி, பாட்டில் திறப்பான், அலங்காரக் கத்தி செய்யுங்கள். அழகாக வரும், காலத்துக்கும் நிற்கும். காய் நறுக்கும் கத்தியும் களைக்கொத்தும் வேண்டுமென்றால் லாரி வில்பட்டையையோ பாண்ட்ரோல் கிளிப்பையோ எடுங்கள். இப்போது கான்கிரீட் கட்டைகளில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் அந்தக் கிளிப் சுமார் 20 மி.மீ. உருளைக் கம்பி. சிலிக்கான், மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் உருக்கு. நிமிர்த்தினால் ஒரு அடி அளவுக்குக் கிடைக்கும். பச்சையாக நிமிர்த்த முயன்றால் தெறித்து முகத்தில் அடிக்கும். முழுவதும் ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ந்த பிறகே வளைவைத் திறக்க வேண்டும். பழைய கிளிப்பின் வளைவில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுங்கள்.

பொருள் எங்கிருந்து வந்தது என்பதில் அலட்சியம் கூடாது. போத்தனூர், பொள்ளாச்சி பக்கம் மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையானபோது பழைய ஆணிகள் நிறையக் கழிந்தன. அதற்காகப் பாதையோரம் துருப்பிடித்துக் கிடப்பதைப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. அது ரயில்வே சொத்து. 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி முறையின்றிக் கையில் வைத்திருப்பதே குற்றம். முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலத்தில் விற்கிறது. அதை எடுத்த வியாபாரியிடம் பில்லோடு வாங்குங்கள். உக்கடமோ ஈரோடோ, எந்தப் பழைய இரும்புக் கடையானாலும் பில் தரத் தயங்கினால் அந்த ஆணி வேண்டாம். பட்டடைக் கல்லுக்காகத் தண்டவாளத் துண்டு வாங்குவோருக்கும் இதேதான். அந்தத் துண்டைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நட்டு அதன் தலையில் அடித்தால், சுத்திக்குக் கீழே முழுக் கனமும் நிற்கும்.

வாங்கியதும் உலையில் போடாதீர்கள். தண்டவாளத்தின் அடிவிளிம்பு உரசிய இடத்தில், தலைக்குக் கீழே கழுத்து தேய்ந்து மெலிந்திருக்கும். அங்கே துருக்குழி 2 மி.மீ.க்கு மேல் ஆழமாக இருந்தால் முறுக்கும்போது அந்த இடமே திறக்கும். சுத்தியால் தட்டினால் நல்ல ஆணி கணீரென்று ஒலிக்கும், விரிசல் உள்ளது மொட்டையாக ஒலிக்கும். மரக்கட்டைக்குப் பூசிய கிரியோசோட் எண்ணெய் ஆணியிலும் ஒட்டியிருக்கும். அதை எரித்துப் போக்குவது வீட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் நின்று செய்கிற வேலை. அந்தப் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது.

என்ன இரும்பு என்று தெரியாவிட்டால் சோதனை சுலபம். ஒரு சிறு துண்டை வெட்டி, செக்கச் சிவந்ததும் தண்ணீரில் தோய்த்து, வைஸில் பிடித்து அடியுங்கள். வளைந்தால் மெது இரும்பு. பட்டென்று முறிந்தால் பதம் ஏறும் உருக்கு. கிரைண்டரில் வைத்தாலும் தெரியும்: ஆணியில் நீளமான பொறி, வெடிப்பு குறைவு. கிளிப்பில் குட்டையான, பூப்பூவாக வெடிக்கும் பொறி.

அடுத்தது நெருப்பு. காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக்கரி இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துவரும். புகை குறைவு, சூடு சீக்கிரம் ஏறும். ஆனால் ஊதல் காற்றை முழுவதுமாகத் திறந்துவிட்டு, இரும்பைக் காற்று வரும் வாய்க்கு நேரே வைக்கிறார்கள். அப்போது கரி தின்னாத காற்று இரும்பைத் தின்னும். செதில் செதிலாகக் கொட்டும், ஆணி மெலியும். இரும்புக்கு மேலேயும் கீழேயும் 5 செ.மீ. கரி இருக்கட்டும். மெது இரும்பை ஆரஞ்சிலிருந்து மஞ்சள் வரை காய்ச்சி அடிக்கலாம். மங்கல் சிவப்புக்கு இறங்கியதும் சுத்தியை நிறுத்தி மறுபடி உலையில் வையுங்கள். கிளிப்பும் வில்பட்டையும் வெள்ளைக்குப் போய்ப் பொறி பறந்தால் கருகிவிட்டன என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

ஆணியின் நுனி உளிபோலத் தட்டையாக இருக்கும். அதை அப்படியே நீட்ட அடித்தால் வெளித்தோல் முன்னே ஓடி, நடு பின்தங்கி, நுனி மீன்வாய் போலப் பிளக்கும். மேலே அடிக்க அடிக்க அந்தப் பிளவு உள்ளே மடிந்து மறையும், பிறகு கொக்கியை வளைக்கும் நாளில் விரியும். முதலில் நுனியில் 10 மி.மீ. வெட்டிவிட்டு, மீதியைச் சதுரமாக்கி, குறுகலான சதுரக் கூராக அடித்து, கடைசியில்தான் உருட்ட வேண்டும்.

கைப்பிடியை முறுக்கும்போது ஒரு பக்கம் ஆரஞ்சும் மறுபக்கம் சிவப்புமாக இருந்தால், முறுக்கு முழுவதும் சூடான பக்கத்தில் குவிந்து கயிறு போல ஒடுங்கிப்போகும். முறுக்கும் நீளம் முழுவதும் ஒரே நிறமாக வந்த பிறகு, ஒரே மூச்சில் ஒன்றரைச் சுற்று போதும். கோணியது தெரிந்தால் மரச்சுத்தியால் நேராக்குங்கள். இரும்புச் சுத்தி முறுக்கின் விளிம்பைச் சப்பிவிடும்.

கத்தி வடிவத்துக்குக் கணக்குப் போடாமல் அடிப்பவர்கள் அலகு நீண்டு வாளாகிவிட்டதென்று திகைப்பார்கள். 16 மி.மீ. சதுர ஆணியில் 60 மி.மீ. நீளத்தை எடுத்து, 25 மி.மீ. அகலமும் சராசரி 3 மி.மீ. தடிமனுமாக அடித்தால் 200 மி.மீ. அலகு வரும். செதிலில் போவதைக் கழித்தாலும் 180 தேறும். கைப்பிடிக்கு எவ்வளவு என்று உளியால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். கூர்ப்பக்கத்தை மெலிக்கும்போது அந்தப் பக்கம் நீண்டு, அலகு முதுகுப்பக்கமாக வளையும். அதனால் மெலிக்கும் முன்பே கூர்ப்பக்கமாகச் சிறிது வளைத்து வையுங்கள், அடித்து முடிக்கையில் தானே நிமிரும்.

பதம் ஏற்றுவதில்தான் அதிகம் கெடுகிறது. ஆணிக்கு எண்ணெய் பயன் தராது. 5 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ உப்புக் கரைத்துத் தோய்த்தால் ஓரளவு கெட்டியாகும், அவ்வளவுதான். அதே உப்புத் தண்ணீரில் கிளிப்பைத் தோய்த்தால் விரிசல் விடும். கிளிப்புக்குக் கடலை எண்ணெய், கை பொறுக்காத அளவு 50, 60 டிகிரிக்குக் காய்ச்சி, மூடியுள்ள இரும்பு வாளியில். பழைய என்ஜின் ஆயிலில் தோய்ப்பவர்கள் அந்த நச்சுப் புகையைச் சுவாசிக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு ஏற்றிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். அதன் பிறகு, காந்தம் விட்ட நிறத்தைவிடச் சற்றே பிரகாசமானதும் கத்தியை நேராக இறக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டக்கூடாது.

தோய்த்ததோடு விட்டால் கண்ணாடிபோல உடையும். அன்றைக்கே ஓவனில் 200 முதல் 220 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறியதும் இன்னொரு மணி நேரம். ஓவன் இல்லையென்றால் கரியடுப்புச் சூட்டில் கத்தியின் முதுகைக் காட்டி, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் நிறம் ஓடுவதைப் பாருங்கள்: வைக்கோல், பழுப்பு, கத்திரிப்பூ, பிறகு மயில்கழுத்து நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துங்கள். கல்லில் படும் களைக்கொத்துக்குக் கத்திரிப்பூ வரை போகட்டும்.

ஆணியிலேயே கூர் நிற்கும் கத்தி வேண்டும் என்போருக்கு நம் ஊர்க் கோடாரிக்காரர்களின் வழி இருக்கிறது: உருக்கு வைத்து அடிப்பது. ஆணியை 25 மி.மீ. பிளந்து, 4 மி.மீ. வில்பட்டைத் துண்டைச் சொருகி, வெங்காரம் (போராக்ஸ்) தூவி, மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே வந்ததும் லேசாக, ஆனால் வேகவேகமாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் துண்டு வழுக்கி வெளியே வரும். பிளவுக்குள் செதில் இருந்தால் எவ்வளவு வெங்காரம் போட்டாலும் ஒட்டாது. சொருகும் முன் இரு பக்கமும் அரத்தால் வெள்ளையாகத் தேயுங்கள்.

உடையையும் சொல்லிவிடுகிறோம். பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி போடுங்கள். கறுத்துக் கிடக்கும் இரும்பு ஆறியது என்று எடுக்காதீர்கள், 400 டிகிரியிலும் அது கறுப்புதான். புறங்கையை ஒரு சாண் தூரத்தில் காட்டிப் பார்த்து எடுங்கள்.

முடிப்புக்குச் செதிலை எடுக்க, கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும். மேலே தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். அது காய்ந்து படலமாகாது, தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். தண்ணீர்ச் சொட்டு சுர்ரென்று ஆவியாகும் சூட்டில் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் கறுப்பு மினுங்கி நிற்கும். கொக்கியைச் சுவரில் மாட்டும் முன், அதில் தொங்கப்போகும் எடையைப் போல மூன்று மடங்கு தொங்கவிட்டு ஒரு நாள் வையுங்கள். தொட்டில் கட்ட மட்டும் இந்தக் கொக்கி வேண்டாம்.