குளம்பில் ஆணி ஏறினால்: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஆணியைக் கண்டதும் கை குறட்டைத் தேடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அந்தியூர்க் குதிரைச் சந்தையில் வாங்கி வந்த செவலைப் பெட்டை, ஒரு நாள் விடியற்காலையில் வலது பின்னங்காலை ஊன்றாமல் குளம்பு நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நின்றது. தூக்கிப் பார்த்தால் அடியில் பந்தல் ஆணியின் தலை. ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தேன். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து வைத்து, மேலே தார் பூசி மூடியும் விட்டேன். மூன்றாம் நாள் டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி, "ஆணி எவ்வளவு ஆழம் போயிருந்துச்சு? எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?" பதில் என்னிடம் இல்லை. ஆணியும் குப்பையில். துளை இருந்த இடமே தெரியவில்லை, குளம்புத் தோல் சுருங்கி மூடிக்கொண்டிருந்தது.

குளம்பு வெளியே மரக்கட்டை மாதிரி இருந்தாலும், உள்ளே எலும்பு, மூட்டு, தசைநாண், ரத்தக்குழாய் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. வீங்க இடம் கிடையாது. அடியில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறதே, அதன் நடுவிலோ அதன் இரு பக்கப் பள்ளங்களிலோ ஆணி ஏறினால் கவனம். நேர் மேலே படகு வடிவச் சின்ன எலும்பும், அதை ஒட்டிய நீர்ப்பையும், காலை மடக்கும் பெரிய தசைநாணும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி மூட்டு. இவற்றில் கிருமி புகுந்துவிட்டால் ஊசி மருந்து மட்டும் போதாது, மயக்கம் கொடுத்து உள்ளே கழுவ வேண்டும். அதுவும் நாள்கணக்கில் தள்ளினால் குதிரை பிழைப்பதே கஷ்டம்.

அதனால் ஆணி இருந்தபடியே இருக்கட்டும். ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால் அதன் முனை எதைத் தொட்டிருக்கிறது என்று படமே சொல்லிவிடும். குதிரை காலை ஊன்றினால் இன்னும் உள்ளே ஏறிவிடுமோ என்று பயமாக இருந்தால், ஆணிக்கு இரு பக்கமும் மரத்துண்டு வைத்து டேப் சுற்றுங்கள், தலை தரையில் படாது. அதற்கும் வழியில்லாமல் பிடுங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், முதலில் போனில் படம் எடுங்கள். துளையைச் சுற்றி மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். ஆணியைத் தூக்கி எறியாமல், எவ்வளவு உள்ளே இருந்தது என்று அதிலேயே கோடு போட்டு வையுங்கள். வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு வண்டியில் ஏற்றிப் போவது செலவுதான். ஆனால் ஆழம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பதைவிட அது மலிவு.

டெட்டனஸ் ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு எளிதில் இரையாவது குதிரைதான். "போன வருஷமோ அதுக்கு முன்னாடியோ போட்ட ஞாபகம்" என்பது கணக்கில் வராது.

அடுத்து நான் பூசிய தார். துளையை மூடினால் அழுக்கு உள்ளே போகாது என்பது நம் கணக்கு. ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் டெட்டனஸ் கிருமியும் அதன் கூட்டாளிகளும் செழிக்கும். சீழ் வெளியேறக் கீழே வழியில்லாவிட்டால் குளம்புச் சுவரின் உட்பக்கமாக மேலே ஏறி, முடி தொடங்கும் வரம்பில் உடைத்துக்கொண்டு வரும். என் செவலைக்கு ஆறாம் நாள் அப்படித்தான் உடைந்தது. கரித்தார், கிரீஸ், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் எல்லாம் ஒரே ரகம். பினாயில், மயில்துத்தம், கெட்டியான டிங்சர் ஆகியவை உயிருள்ள சதையைச் சுட்டுப் புண்ணை இன்னும் பெரிதாக்கும். துளையைத் திறந்து, சுத்தமாகக் கழுவி, தண்ணீர் ஏறாதபடி கட்டி, கட்டைத் தினமும் மாற்றினால் போதும். குழந்தைகளுக்கான டயபரை வைத்துச் சுற்றி, மேலே அகல டேப் ஒட்டுவது இன்று பல லாயங்களில் வழக்கம், நன்றாகவே நிற்கிறது. டேப் மட்டும் குளம்போடு நிற்கட்டும், முடி வரம்புக்கு மேல் ஏறி இறுக்கினால் அங்கே தோல் செத்துப்போகும். சீழ் கட்டியைத் தோண்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை: வடிகிற அளவுக்குச் சின்னத் துளை போதும். பெரிய பள்ளம் பறித்தால் உள்சதை பிதுங்கி வரும், அது அடங்க மாதக்கணக்காகும்.

வலி ஊசி போட்டதும் குதிரை நேராக நடப்பதைப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று கயிற்றை அவிழ்க்கிறோம். குறைந்தது வலிதான், காயம் அப்படியே இருக்கிறது. வலி மருந்தை நாமே கூட்டிக்கொண்டே போனால் வயிற்றிலும் குடலிலும் புண், சிறுநீரகத்துக்கும் கேடு. மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவு அழிந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்த பிறகு, கால்நடைகளுக்கு அதைத் தருவதற்கு 2006-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.

இனி நான் பார்த்தவரை எல்லோரும் கோட்டை விடுகிற இடம்: நல்ல கால். அடிபட்ட குளம்பை ஆறு பேர் சுற்றி நின்று பார்ப்போம். எதிர்க் காலை ஒருவரும் தூக்கிப் பார்க்க மாட்டோம். குளம்பெலும்பு வெளிச்சுவரோடு மெல்லிய அடுக்குத் திசுக்களால்தான் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தத் திசுக்களுக்கு ரத்தம் ஓட, கால் மாற்றி மாற்றிப் பாரம் ஏறி இறங்க வேண்டும். ஒரே கால் நாள் முழுக்கச் சுமந்தால் ரத்தம் குறைந்து, திசு பிரிந்து, எலும்பு கீழே இறங்கத் தொடங்கும். லாமினைட்டிஸ் என்பது அதுதான்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் பார்பரோ. 2006 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்ற அந்தக் குதிரைக்கு இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தகடும் திருகாணியும் வைத்து எலும்பைக் கூட்டினார்கள், அது பெருமளவு கூடியும் வந்தது. ஆனால் ஜூலையில், அடிபடாத இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் வந்து குளம்புச் சுவரின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் முன்னங்கால்கள் இரண்டுக்கும் அதே நோய். 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்தார்கள். அத்தனை வசதி இருந்த இடத்திலேயே இந்த நிலை.

நம் லாயத்தில் செய்யக்கூடியது எளியதுதான். ஒரு சாண் ஆழத்துக்கு மணலோ மரத்தூளோ பரப்புங்கள், படுக்க மனம் வந்தால் பாதி பாரம் இறங்கும். நல்ல குளம்பின் அடிக்கு மெத்தைத் தாங்கல் வைக்கச் சொல்லி லாடக்காரரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். காலையும் மாலையும் அந்தக் காலின் கணுவுக்குப் பின்னால் இரு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். சாதாரணமாக அது விரலுக்குத் தட்டுப்படுவதே அரிது. திம் திம் என்று அடித்தாலோ, குளம்பு தொடர்ந்து சுட்டாலோ அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். இன்னொன்று: இத்தனை நாள் நொண்டிய குதிரை திடீரென்று காயப்பட்ட காலில் பாரம் போட்டு நின்றால் சந்தோஷப்படாதீர்கள். நல்ல கால் அதைவிட மோசமாக வலிக்க ஆரம்பித்திருக்கலாம்.

தீனியில் தவறு பாசத்தால் வருவது. நோயாளி என்று கொள்ளையும் தவிட்டையும் கூட்டிப் போடுவோம். நிற்கிற குதிரைக்கு அது லாமினைட்டிஸையும் வயிற்றுவலியையும் அழைத்து வரும். தானியத்தைக் குறைத்து, புல்லையும் தண்ணீரையும் தாராளமாக வையுங்கள், லத்தி எத்தனை முறை போடுகிறது என்று எண்ணுங்கள். பயோட்டின் என்கிற வைட்டமின் தரலாம், ஆனால் அது இனி வளரப்போகிற குளம்புக்குத்தான். ஏற்கெனவே இருக்கிற வெடிப்பை ஒட்டாது.

கடைசியாக, வேலைக்குத் திருப்பும் தேதி. கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா என்று முன்பணம் வாங்கி வைத்துவிட்டு அதற்கேற்பக் குளம்பு ஆற வேண்டும் என்றால் ஆறாது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும், முன்நுனி முழுசாகப் புதுப்பிக்க 9 முதல் 12 மாதம். முதலில் மெத்தென்ற தரையில் நேர்கோட்டில் கையில் பிடித்து நடத்தல், அதுவும் நிமிடக்கணக்கில். வட்டமாக ஓட்டுவதும் தார் ரோடும் கடைசியில்தான், ஏனென்றால் திரும்பும்போது உள்பக்கக் குளம்பு ஓரத்தில் பாரம் நெரிக்கும்.

என் செவலைக்குச் சீழ் உடைத்த இடத்தில் முடி வரம்பை ஒட்டி ஒரு கிடைக்கோட்டு வெடிப்பு விழுந்தது. மாதா மாதம் அது ஒரு விரல்கூட இல்லாத அளவு கீழே நகர்ந்தது. மூன்றாம் மாதமே துள்ள ஆரம்பித்துவிட்டது, "ஒரு ரவுண்டு விட்டுப் பாக்கலாமாண்ணா?" என்று லாயத்துப் பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் அந்தக் கோட்டைக் காட்டுவேன். எட்டாம் மாதம் கோடு தரையைத் தொட்டது. லாடக்காரர் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பில் அதை ராவித் தள்ளினார்.