நீலகிரிக்குக் குடிவருகிறீர்களா? துப்பாக்கி விஷயத்தில் கவனம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் புதிதாக வீடு பார்த்து வருகிறவர்களில் சிலர் "இங்கே வேட்டைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கடமான், காட்டுப்பன்றி எதை வேட்டையாடினாலும் வழக்கு, சிறை.

கேரட் பாத்தியைப் பன்றி ஒரே ராத்திரியில் உழுதுபோட்டிருந்தாலும் சரி, பிரேக் ஒயரில் சுருக்கு வைத்துவிடாதீர்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். திமிறத் திமிற ஒயர் இடுப்பில் இறங்கும். பார்க்கவே முடியாது. சேதத்தைப் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள், இழப்பீடு கேட்கலாம்.

லைசென்ஸ் துப்பாக்கியோடு வருகிறீர்களா? இடம் மாறிய 30 நாளுக்குள் இங்குள்ள உரிம அதிகாரிக்குத் தெரிவித்துவிடுங்கள். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வீடு என்றால் வனத்துறைப் பதிவையும் மறக்காமல் விசாரியுங்கள்.