படப்பிடிப்பு நின்ற பிறகு நெடுந்தொடரின் ஒளிபரப்பைத் திட்டமிடுவது எப்படி

ஒரு நெடுந்தொடரின் படப்பிடிப்பு இன்று காலை நின்றுபோனால், இன்று இரவு தொடரைப் பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. எடுத்து முடித்துக் கையில் வைத்திருக்கும் எபிசோடுகள் சில நாட்களோ, சில வாரங்களோ, சில தொடர்களில் சில மாதங்களோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஒளிபரப்பு அட்டவணையைக் கவனிப்பவர் செய்ய வேண்டிய முக்கியமான வேலையெல்லாம் அந்த அமைதியான நாட்களில்தான் இருக்கிறது. அவற்றைக் கடத்திவிட்டுக் கடைசி எபிசோடு ஓடும் வாரத்தில் வழி தேடத் தொடங்கினால், மறுஒளிபரப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. தொற்றுநோய், வேலைநிறுத்தம், அரங்கில் தீ விபத்து, முதன்மை நடிகரின் உடல்நலக்குறைவு என நிறுத்தத்துக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், போட வேண்டிய கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

கையிருப்பை எண்ணுதல்

முதல் நாளே தயாரிப்புத் தரப்பிடம் "எத்தனை எபிசோடு கையில் இருக்கிறது?" என்று கேட்டால் ஓர் எண் பதிலாக வரும். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நெடுந்தொடரின் காட்சிகள் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. ஒரு வீட்டின் அரங்கு தயாராக இருக்கும் நாளில், அங்கே நடக்கும் ஐந்தாறு எபிசோடுகளின் காட்சிகளைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஒரு நடிகரின் கால்ஷீட் கிடைத்த நாளில் அவருடைய காட்சிகளை மட்டும் எடுப்பார்கள். ஆகவே படப்பிடிப்பு எந்த நாளில் நின்றாலும், முழுமையாக முடிந்த எபிசோடுகளுக்குப் பின்னால் பாதி எடுத்தவையும் கால்வாசி எடுத்தவையுமாக ஒரு நீண்ட வால் இருக்கும்.

அதனால் கையிருப்பை நான்காகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: ஒளிபரப்புக்கு அனுப்பும் நிலையில் இருப்பவை, படத்தொகுப்பு முடிந்து டப்பிங்கோ பின்னணி இசையோ பாக்கி இருப்பவை, எல்லாக் காட்சிகளும் எடுக்கப்பட்டுத் தொகுக்கப்படாதவை, சில காட்சிகள் மட்டும் எடுக்கப்பட்டவை. படப்பிடிப்புத் தளத்தோடு சேர்த்து டப்பிங் கூடமும் மூடப்பட்டிருந்தால், இரண்டாம் வகையும் உடனடிக் கையிருப்பு ஆகாது. படத்தொகுப்பாளர் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியுமென்றால் மூன்றாம் வகை ஓரளவு கைகொடுக்கும். நான்காம் வகையில்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு எபிசோடிலும் எந்தக் காட்சி இல்லை, அது இல்லாமல் கதை புரியுமா, அந்தத் தகவலை வேறொரு காட்சியில் தொலைபேசிக் குரலாகச் சேர்க்க முடியுமா, இருக்கும் காட்சிகளை முந்தைய எபிசோடுக்கு நகர்த்த முடியுமா என்று திரைக்கதை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு நாள் செலவானாலும் அது நல்ல செலவு என்றே சொல்வேன், ஏனென்றால் பாதி எடுத்த எட்டு எபிசோடுகளிலிருந்து முழுமையான மூன்று எபிசோடுகள் கிடைக்கக்கூடும்.

எண்ணும்போது எபிசோடு எண்ணிக்கையோடு மொத்த நிமிடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எபிசோடின் நீளத்தைப் பின்னால் மாற்ற நேரும்போது நிமிடக் கணக்குதான் உதவும்.

வேகத்தை எப்போது குறைப்பது

ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 எபிசோடு, ஒவ்வொன்றும் 22 நிமிடம், உறுதியான கையிருப்பு 26 எபிசோடு. படப்பிடிப்பு 8 வாரம் நிற்கும் என்றும், மீண்டும் தொடங்கிய பிறகு முதல் புதிய எபிசோடு திரைக்கு வர 5 வாரம் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 13 வாரங்களைக் கடக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது எண்ணைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். தளம் திறக்கும் நாளும் புதிய எபிசோடு வரும் நாளும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

வழக்கமான வேகத்தில் ஓடினால் 26 எபிசோடும் ஐந்து வாரத்தைச் சற்றே தாண்டியதும் தீர்ந்து, திரையில் ஏறக்குறைய எட்டு வாரம் வெற்றிடம் விழும். முதல் வாரத்திலிருந்தே வாரத்துக்கு 2 எபிசோடு என்று குறைத்தால் 13 வாரமும் சரியாக நிரம்பிவிடும். தயங்கி, மூன்று வாரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டுப் பிறகு 2 ஆகக் குறைத்தால், மிஞ்சிய 11 எபிசோடுகள் ஐந்தரை வாரம்தான் வரும். நாலரை வாரம் வெற்றிடம் விழும். மூன்று வாரத் தயக்கத்தின் விலை அது. நிறுத்தம் எவ்வளவு காலம் நீளும் என்று தெரியாதபோது, நீண்ட காலத்தை நினைத்து உடனே குறைப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நினைத்ததைவிட முன்னதாகத் தளம் திறந்தால் எண்ணிக்கையை உயர்த்திக்கொள்ளலாம்; தீர்ந்துபோன எபிசோடை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் இந்தக் கணக்கு உலகெங்கும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டது. பிரிட்டனின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்', 'எம்மர்டேல்' இரண்டும் வாரத்துக்கு ஆறு எபிசோடு ஒளிபரப்பி வந்தவை. மார்ச் 30 முதல் அவை வாரத்துக்கு மூன்றாகக் குறைக்கப்பட்டன, இரண்டும் திரையை விட்டு மறையாமலேயே அந்தக் காலத்தைக் கடந்தன. பிரிட்டனின் மற்றொரு தொடரான 'ஈஸ்ட்எண்டர்ஸ்' வாரத்துக்கு நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தும் ஜூன் 16-இல் கையிருப்பு தீர்ந்து, 1985-இல் தொடங்கிய அதன் வரலாற்றில் முதல்முறையாக நீண்ட இடைவெளி விட நேர்ந்தது. அமெரிக்காவில் வாரம் ஐந்து நாளும் வரும் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்', 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' இரண்டின் புதிய எபிசோடுகளும் ஏப்ரல் இறுதிக்குள் முடிந்துவிட்டன. அதே நாட்டில், பல மாதங்கள் முன்கூட்டியே படம்பிடிக்கும் பழக்கமுள்ள 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' செப்டம்பரில்தான் தளத்துக்குத் திரும்பியது. ஆனாலும் கோடை முழுவதும் புதிய எபிசோடுகளை ஒளிபரப்பிக்கொண்டே இருந்தது. பெரிய கையிருப்புக்கும் ஒரு குறை உண்டு. மாதக்கணக்கில் முன்னால் எடுத்த கதையில் நடப்பு உலகின் மாற்றம் எதையும் காட்ட முடியாது. பார்வையாளருக்குப் பிடிக்காத கதைத் தடத்தைச் சீக்கிரம் மாற்றவும் முடியாது.

வேகத்தைக் குறைக்கும்போது எந்த நாட்களை விடுவது என்பதும் முக்கியம். ஒரே இரவில் இரண்டு எபிசோடு வரும் தொடராக இருந்தால், நாட்களை அப்படியே வைத்து ஒன்றாகக் குறைப்பதே மிக எளிய வழி. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' திங்கள், புதன், வெள்ளி இரவுகளை விடாமல் வைத்துக்கொண்டது அப்படித்தான். பார்ப்பவரின் பழக்கம் கெடவில்லை. நாளுக்கு ஓர் எபிசோடு வரும் தொடரென்றால் குறிப்பிட்ட நாட்களைத் தேர்ந்து, அவற்றை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். ஒரு வாரம் மூன்று, மறுவாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் நாட்களே வேறு என்று போனால், எபிசோடு கையில் இருந்தும் பார்வையாளர் நழுவிவிடுவார்.

கதைக்குள் இருக்கும் தேதிகள்

வேகம் குறைந்தவுடன் கதையின் நாட்காட்டியும் ஒளிபரப்பின் நாட்காட்டியும் விலகத் தொடங்கும். பண்டிகை நாளில் வர வேண்டிய பண்டிகைக் காட்சி ஒன்றரை மாதம் கழித்து வரும்; "நாளை தேர்வு முடிவு" என்று சொன்ன மாணவிக்கு முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும். கையிருப்பிலுள்ள எபிசோடுகளை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு, தேதி, கிழமை, பருவம், பண்டிகை எங்கெல்லாம் வாயால் சொல்லப்படுகின்றன அல்லது சுவரில் காட்டப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பலவற்றை ஒரு வரி வசனத்தை வெட்டியே சரிசெய்துவிடலாம். வெட்ட முடியாத பண்டிகை எபிசோடு இருந்தால், அதன் இடத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குவது நல்லது.

காலியான நேரத்தில் என்ன போடுவது

மறுஒளிபரப்பு என்று முடிவானால் எதை மறுபடி போடுவது என்பதில் அக்கறை வேண்டும். கடந்த மாதத்து எபிசோடுகளை அப்படியே திரும்பப் போடுவது பலனளிப்பதில்லை. அதைப் பார்த்தவருக்குப் புதிதாக எதுவும் இல்லை, பார்க்காதவருக்கு நடுவில் நுழைந்த குழப்பம். அமெரிக்கத் தொடரான 'ஜெனரல் ஹாஸ்பிடல்' 2020 ஏப்ரலிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பழைய எபிசோடுகளைப் போட்டு, புதியவற்றின் ஆயுளை மே மாதம் வரை நீட்டியது. வாரத்தின் ஒரு நாளை இப்படிப் பழையதற்கு ஒதுக்குவது, கையிருப்பு தீர்வதற்கு முன்பே தொடங்க வேண்டிய உத்தி. தீர்ந்த பிறகு போடும் பழைய எபிசோடுகளை ஒரு திருமணம், ஒரு பகை, ஒரு கதாபாத்திரத்தின் வருகை என்று ஏதேனும் ஒரு பொருளைச் சுற்றித் தொகுத்தால், தொடர் திரும்பும்போது தேவைப்படும் முன்கதையையும் அவை நினைவூட்டிவிடும். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தன் இடைவெளியில், நடிகர்களோடு உரையாடிப் பழைய கதைகளைத் திரும்பிப் பார்க்கும் துணை நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. குறைந்த ஆட்களோடு எடுக்கக்கூடிய அத்தகைய நிகழ்ச்சி மறுஒளிபரப்பைவிட மேலானது.

பழைய எபிசோடுகளைத் தொடுவதற்கு முன் ஒப்பந்தங்களைப் பாருங்கள். மறுஒளிபரப்புக்கு நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தனித் தொகை தர வேண்டியிருக்கலாம். அதில் பயன்படுத்திய பாடலின் உரிமை காலாவதி ஆகியிருக்கலாம். விளம்பரதாரர் புதிய எபிசோடுகளுக்கு மட்டுமே பணம் தருவதாக எழுதியிருக்கலாம்.

எந்த எபிசோடோடு நிற்பது

வெற்றிடம் தவிர்க்க முடியாதது என்று தெரிந்தால், கையிருப்பின் கடைசி எபிசோடு எதுவோ அதோடு தானாக நிற்க விடாதீர்கள். மிஞ்சிய நான்கைந்து எபிசோடுகளைப் பார்த்து, ஒரு கேள்வி வலுவாகத் தொங்கி நிற்கும் இடத்தைத் தேர்ந்து அங்கே நிறுத்துங்கள். அதற்குப் பின்னுள்ள ஒன்றிரண்டு எபிசோடுகள் தொடர் திரும்பும் முதல் வாரத்துக்குப் பயன்படும். நிற்கப்போகிறது என்பதைப் பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு, அதிலும் தனியாக வாழும் முதியவர்களுக்கு, அறிவிப்பில்லாமல் தொடர் மறைவது உண்மையான வருத்தத்தைத் தரும். திரும்பும் தேதியை மட்டும் உறுதியாகத் தெரிந்த பிறகே அறிவியுங்கள்.

வேலைநிறுத்தம் என்றால்

வேலைநிறுத்தத்தில் யார் வேலையை நிறுத்தியிருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். எழுத்தாளர்கள் நிறுத்தினால் படப்பிடிப்பு உடனே நிற்காது. கையில் இருக்கும் கதைவசனப் பிரதிகள் தீரும் வரை ஓடும். ஆகவே எபிசோடு கையிருப்போடு பிரதிகளின் கையிருப்பையும் எண்ண வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் 2007–08 வேலைநிறுத்தம் 100 நாள் நீடித்தது. 1988-இல் நடந்தது ஐந்து மாதம் நீடித்தது. அத்தனை நாளுக்குப் பிரதி வைத்திருக்கும் தொடர் அரிது. 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் ஜூலை 14 முதல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, பகல்நேரத் தொடர்களின் நடிகர்கள் வேறோர் ஒப்பந்தத்தின் கீழ் இருந்ததால் அவை தொடர்ந்து படமாக்கப்பட்டன. செய்தித் தலைப்பைப் பார்த்து அட்டவணையை மாற்றுவதற்கு முன் உங்கள் தொடர் எந்த ஒப்பந்தத்தில் வருகிறது என்று படித்துப் பாருங்கள்.

திரும்பி வருதல்

தளம் திறந்தவுடன் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப வேண்டும் என்ற அழுத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அதற்கு இணங்கும் முன் புதிய நிபந்தனைகளில் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க முடிகிறது என்று முதல் இரண்டு வாரம் அளந்து பாருங்கள். 2020-இல் ஆஸ்திரேலியத் தொடரான 'நெய்பர்ஸ்' படக்குழு ஏப்ரல் இறுதியிலேயே தளத்துக்குத் திரும்பியது. ஆட்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினர் மற்றொன்றோடு கலக்காமல் பார்த்துக்கொண்டது. 'எம்மர்டேல்' ஓர் எபிசோடில் இரண்டு மூன்று பேர் மட்டும் வரும் ஆறு சிறப்பு எபிசோடுகளை முதலில் எடுத்தது. 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' நெருக்கமான காட்சிகளுக்கு ஆளுயரப் பொம்மைகளையும் நடிகர்களின் சொந்த வாழ்க்கைத் துணைகளையும் பயன்படுத்தியது. இவையெல்லாம் தொடரைக் காப்பாற்றிய வழிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் எழுத்திலும் தளத்திலும் கூடுதல் நேரம் கேட்பவை.

முன்பு நாளுக்கு ஓர் எபிசோடு என்று வாரத்தில் ஆறு எபிசோடு எடுத்த நம் கற்பனைத் தொடர், இப்போது வாரத்துக்கு 3.6 எபிசோடு அளவே எடுக்கிறது என்று வைப்போம். வாரத்துக்கு 5 ஒளிபரப்பினால் கையிருப்பு ஒவ்வொரு வாரமும் சுருங்கும். 3 ஒளிபரப்பினால் மெல்ல வளரும். மூன்றாவது வழியும் உண்டு: 3.6 எபிசோடு என்பது சுமார் 79 நிமிடம், அதை 16 நிமிட எபிசோடுகளாக்கினால் ஏறக்குறைய வாரத்துக்கு ஐந்து வரும், நாட்களும் குறையாது. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' செப்டம்பர் 7-இல் திரும்பியபோது வாரத்துக்கு நான்கு எபிசோடு என்ற பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, அரை மணி நேர எபிசோடை 20 நிமிடமாகச் சுருக்கியது இந்த முறையில்தான். ஆனால் இதில் கையிருப்பு வளராது என்பதால் கையில் ஏற்கெனவே ஓரளவு சேர்த்த பிறகே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தொடர் ஜூன் இறுதியில் படப்பிடிப்பைத் தொடங்கியும் பத்து வாரம் காத்திருந்தே திரைக்கு வந்தது.

திரும்பும் முதல் எபிசோடுக்கு முன் சுருக்கமான முன்கதைத் தொகுப்பு ஒன்று அவசியம். இடைவெளிக்கு முன் எடுத்த காட்சியும் பின் எடுத்த காட்சியும் ஒரே எபிசோடில் வருமானால் முடி, எடை, குழந்தை நடிகர்களின் உயரம் ஆகியவற்றில் வேறுபாடு தெரியும். அவற்றைக் கலக்காமல் பிரித்து, நடுவில் கதையில் சில மாதங்கள் கடந்துவிட்டதாகக் காட்டுவதே சுத்தமான தீர்வு. வாராந்திர எண்ணிக்கையை உயர்த்தும் நாளைத் தேதியால் தீர்மானிக்காமல் கையிருப்பால் தீர்மானியுங்கள்: மீண்டும் இரண்டு வாரம் படப்பிடிப்பு நின்றாலும் தாங்கும் அளவு முடிந்த எபிசோடுகள் சேர்ந்த பிறகு ஒன்றைக் கூட்டுங்கள், அந்த அளவு குறையாமல் நாலைந்து வாரம் நின்றால், அடுத்ததைக் கூட்டுங்கள்.