திருவள்ளுவர் சிலையின் உயரம் -123 அடி: சி மொழியில் சத்தமில்லாத வகைமாற்றம்

கன்னியாகுமரி கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலைக்குப் பீடம் 38 அடி, அதன் மேல் சிலை 95 அடி, ஆக மொத்தம் 133. இதே கூட்டலை சி மொழியில் எழுதி -123 என்று விடை வாங்கலாம். கம்பைலர் வாயே திறக்காது.

இன்ட், கேர், டபிள், பிரின்ட்எஃப் வரை படித்திருந்தால் போதும். கணினியில் ஜிசிசி கம்பைலர் இருக்க வேண்டும். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் வழக்கம்போல டைப் செய்யுங்கள்.

படி 1: கூட்டல்

சைன்டு கேர் (கழித்தல் எண்ணையும் ஏற்கும் கேர்) வகையில் பீடம், சிலை என்று இரண்டு வேரியபிள் எடுத்து 38, 95 என்று மதிப்பு கொடுங்கள். பீடம் + சிலை என்பதை நேராக பிரின்ட்எஃப்பில் போட்டால் 133 வரும். சைன்டு கேரில் -128 முதல் 127 வரைதானே அடங்கும்? உண்மைதான். ஆனால் கேர், ஷார்ட் போன்ற சின்ன வகைகளிலேயே சி கூட்டுவதில்லை. இரண்டையும் முதலில் இன்ட் ஆக்கிக்கொள்ளும், அப்புறம்தான் கூட்டும்.

இப்போது அதே கூட்டலை 'மொத்தம்' என்ற இன்னொரு சைன்டு கேரில் போட்டு அச்சிடுங்கள். -123! 133-ஐ 8 பிட்டில் எழுதினால் முதல் பிட் 1. சைன்டு வகையில் அது கழித்தல் எண் என்று பொருள், அதனால் 133 - 256. கழித்தல் எண்ணை ஏற்காத அன்சைன்டு கேர் போட்டால் 133 சரியாக வரும். ஆனால் அதில் 1330 குறளை வைத்துப் பாருங்கள், 50 தான் மிஞ்சும்.

கவனிக்க வேண்டியது ஒன்றே: சமக்குறிக்கு வலப்பக்கம் கணக்கு முழுவதும் முடிந்த பிறகுதான் இடப்பக்கம் என்ன வகை என்று சி பார்க்கிறது.

படி 2: வகுத்தல்

தோவாளைச் சந்தையில் மூன்று நாள் பிச்சிப்பூ விலையைக் கூட்டினால் 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டபிள் சராசரி = 1000 / 3 என்று எழுதினால் 333.000000 தான் வரும். இரண்டும் இன்ட் என்பதால் வகுக்கும்போதே தசமம் போய்விட்டது. 3-ஐ 3.0 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

படி 3: கழித்தல்

என்னைக் கேட்டால் இதுதான் மோசமானது. பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்று நினைத்து அன்சைன்டு இன்ட் போடுகிறோம். நேற்று 43, இன்று 42. 'இன்று - நேற்று < 0 என்றால் மட்டம் குறைந்தது என்று சொல்' என எழுதுங்கள். அது ஒருநாளும் சொல்லாது. அன்சைன்டில் கழித்தல் எண்ணே கிடையாது, -1 க்குப் பதில் 4294967295 வரும்.

இன்னொரு வேடிக்கை. அந்த வித்தியாசத்தை இன்ட்டில் போட்டால் ஜிசிசியில் -1 கிடைக்கும். பெரிய பாத்திரம்தானே என்று லாங் லாங்கில் போட்டால் 4294967295 அப்படியே உட்கார்ந்துவிடும். கழிக்கும் முன்பே ஒன்றை லாங் லாங்காக மாற்றினால் தப்பிக்கலாம். அதைவிட, கழிக்க வேண்டிய எண்களை முதலிலேயே இன்ட்டில் வைப்பது நல்லது.

படி 4: எச்சரிக்கைகள்

கம்பைல் செய்யும் கட்டளையில் ஆல், எக்ஸ்ட்ரா, கன்வெர்ஷன் மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹைபனும் பெரிய டபிள்யூவும் ஒட்டிப் போட்டு, தனித்தனியாகச் சேருங்கள். படி 1-ல் 'மொத்தம்' உள்ள வரியும், படி 3-ல் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடும் வரியும் பிடிபடும். ஆனால் கூத்தைப் பாருங்கள்: சரியான விடை தரும் இன்ட்டுக்கு எச்சரிக்கை வரும், தப்பான விடை தரும் லாங் லாங்குக்கு வராது. பூ விலை வகுத்தலுக்கும் ஒரு வரிகூட வராது, அந்த இரண்டையும் நம் கண்தான் பிடிக்க வேண்டும்.