கன்வெர்ட்டிபிளை (கூரையைத் திறந்து மூடக்கூடிய காரை) ஓட்டிப் பார்ப்பது எப்படி?

வழவழப்பான நெடுஞ்சாலையில் மட்டும் டெஸ்ட் டிரைவ் எடுக்காதீர்கள். அங்கே எல்லாக் காரும் நல்ல கார்தான். மேடுபள்ளமான சாலையில் கூரையைத் திறந்துவிட்டு 30-40 கி.மீ. வேகத்தில் போங்கள். ரியர்வியூ கண்ணாடியில் உருவம் நடுங்கினாலோ, ஸ்டியரிங் லேசாகக் குலுங்கினாலோ பாடியில் விறைப்பு போதவில்லை என்று பொருள். மேலே நிலையான கூரை இல்லாததால், பாடியை முறுக்கும் விசையைத் தரைத்தளம்தான் தாங்கியாக வேண்டும். அதற்காக அடியில் கூடுதல் வலுவூட்டல் வைப்பதால், அதே மாடல் கூப்பேயைவிட (நிலையான கூரையுள்ள இரண்டு கதவு காரைவிட) எடையும் கூடும், பிக்கப்பும் சற்று மந்தமாகும். பெரிய சக்கரம், பக்கச்சுவர் உயரம் குறைந்த ஒல்லி டயர் போட்ட கார் என்றால் குலுக்கல் இன்னும் அதிகம். அழகுக்குக் கொடுக்கும் விலை!

அடுத்து 80-100 கி.மீ. காற்று பின்னாலிருந்து சுருண்டு வந்து பிடரியில் அடிக்கும். பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, விண்ட் டிஃப்ளெக்டரை (முன் இருக்கைகளுக்குப் பின்னால் மாட்டும் காற்றுத் தடுப்பை) மாட்டினால் பெரிதும் அடங்கும். நான்கு இருக்கைக் காரில் அதை மாட்டினால் பெரும்பாலும் பின்னால் யாரும் உட்கார முடியாது.

கூரையை மூடியும் ஓட்டுங்கள். விசில் சத்தம் கேட்டால் கண்ணாடி மேல்விளிம்பு ரப்பரைப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தியும் கூரை அசையவில்லையா? பல கார்களில், மடங்கும் கூரைக்கான இடத்தைச் சாமான்களிலிருந்து பிரிக்க டிக்கிக்குள் உள்ள தடுப்பை இறக்கினால்தான் கூரை திறக்கும்.