செட்டிநாட்டு வீடுகளில் கூஸ் வாத்து வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பின்கட்டைத் தாண்டினால் தோட்டம், கிணறு, உயரமான சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கும். இரண்டு கூஸ் வாத்து விட்டால் அழகாகவும் இருக்கும், காவலுக்கும் ஆகும் என்று பலர் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு கோழிக்குப் போடுவதையே போட்டு, கோழிக்கூண்டிலேயே அடைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கூஸ் வாத்து புல் மேயும் பிராணி. தீனி விஷயத்தில் அதை ஆட்டுக்குப் பக்கத்தில் வைத்து யோசித்தால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

வாங்கும்போது

நம் பக்கம் அதிகம் கிடைப்பது மூக்குக்கு மேல் புடைப்பு உள்ள சீன வகை. வளர்ந்த ஆண் 5 கிலோவும் பெண் 4 கிலோவும் வரும். சந்தையில் 'ஜோடி' என்று கொடுப்பது இரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோ இருப்பது சாதாரணம். குஞ்சில் நிறத்தையும் பருமனையும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆசனவாயை விரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாலைந்து குஞ்சுகளாக வாங்கி வளர்த்து, புடைப்பின் அளவையும் குரலையும் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஓர் ஆணுக்கு இரண்டு முதல் நான்கு பெண் போதும்.

ஒற்றைக் குஞ்சு மட்டும் வாங்க வேண்டாம். துணையில்லாமல் கையிலேயே வளரும் ஆண், மனிதரைத் தன் இனமாக நினைத்து அச்சம் விட்டுப்போய், வளர்ந்ததும் இனப்பெருக்கப் பருவத்தில் வீட்டாரையே கடிக்கும். இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பறவை என்பதையும் வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

குஞ்சுகள்: முதல் ஆறு வாரம்

அதிக இழப்பு இங்கேதான். முதல் தவறு, தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையிலோ செய்தித்தாள் விரித்த பெட்டியிலோ குஞ்சுகளை விட்டால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுவிடும். அப்படி அகன்ற கால் பல நேரம் திரும்பக் கூடுவதில்லை. முதல் நாளிலிருந்தே சணல் சாக்கு விரியுங்கள். ஒரு வாரம் கழித்து மேலே உலர்ந்த வைக்கோல் அல்லது உமி பரப்பலாம்.

அடுத்தது வெப்பம். முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைப்பது கணக்கு. ஆனால் நம் ஊரில் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில். பகலில் வெயிலே அதைவிட அதிகம் கொடுக்கும்போது பல்பையும் எரிய விட்டால் குஞ்சு வெந்துபோகும். இரவில் மட்டும் 60 வாட் பல்பு, அதுவும் பெட்டியின் ஒரு மூலையில். குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி மூலைக்கு ஓடினால் சூடு.

தீவனத்தில் இரண்டு தவறுகள் நேரெதிராக நடக்கின்றன. ஒன்று, குருணையும் சோறும் மட்டும் கொடுப்பது. கூஸ் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் (பி3 வைட்டமின்) அதிகம் தேவை. அது குறைந்தால் கணுக்கால் வீங்கி, கால் வளைந்து, நடக்கவே முடியாமல் போகும். ஒரு கிலோ தீவனத்துக்கு 50 கிராம் ப்ரூயர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும் உலர்ந்த ஈஸ்ட்) கலந்தால் இது வராது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வேறு, அதைக் கலக்கக் கூடாது. மற்றொன்று, பிராய்லர் தீவனத்தையே இரண்டு மாதம் தொடர்வது. முதல் மூன்று வாரம் 20 முதல் 22 சதவீதப் புரதம் சரி. பிறகு 15, 16 சதவீதத்துக்கு இறக்கிப் புல்லைக் கூட்ட வேண்டும். இறக்காவிட்டால் உடல் எடையும் சிறகின் எடையும் எலும்பு தாங்கும் அளவை மீறி, இறக்கையின் நுனி மூட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தொடக்கத்திலேயே கண்டால் இறக்கையை இயல்பாக மடித்து மெல்லிய துணி நாடாவால் மூன்று நான்கு நாள் கட்டிவைத்தால் நேராகும். விட்டுவிட்டால் ஆயுளுக்கும் அப்படியேதான். கோழித் தீவனம் வாங்கும்போது மருந்து கலக்காத மூட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

தாய் இல்லாமல் பொரிந்த குஞ்சின் இறகில் எண்ணெய்ப் பசை இராது. மூன்று நான்கு வாரம் ஆகும்வரை அண்டாவிலோ கல்தொட்டியிலோ விட்டால் நனைந்து ஊறிக் குளிரிலேயே செத்துவிடும். பெரியவை குளிக்கும் தொட்டியிலும் ஏறி வரச் செங்கல் படி வேண்டும்.

கடலைப் புண்ணாக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு வாங்கிய கடலைப் புண்ணாக்கு வீட்டில் இருக்கும், அதில் ஒரு கை வாத்துக்கும் போடுவார்கள். ஈரம் பட்ட நிலக்கடலையில் வளரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960ல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்த பிறகுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. வாத்து இனங்கள் இதற்கு மிக எளிதில் பலியாகும். ஈரலைத்தான் முதலில் தாக்கும். கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாவிட்டாலும், வெயிலில் காயவைத்தாலும், வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சொத்தைக் கடலையும் அப்படியே. புண்ணாக்கு இல்லாமலே இவை நன்றாக வளரும்.

உப்புப் போட்ட மிச்சச் சோறு, ஊறுகாய், கருவாடு இவையும் வேண்டாம்.

புல்லும் செடியும்

ஓர் ஏக்கர் நல்ல புல்தரை இருபது வாத்துக்குத்தான் காணும். பத்து செண்டுத் தோட்டத்தில் பத்து வாத்தை விட்டால் ஒரே மாதத்தில் செம்மண்ணும் சரளையும்தான் மிஞ்சும். சித்திரையில் அருகம்புல்லும் காய்ந்துவிடும். குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் கோ 4 புல் ஒரு பாத்தி போட்டுவைத்தால் கோடையைக் கடக்கலாம். நீளப் புல்லை அப்படியே போட்டால் கழுத்தடிப் பையில் நூல் பந்துபோல் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஓர் அங்குலத் துண்டாக நறுக்குங்கள். முருங்கைக்கீரையும் அசோலா என்ற நீர்ச்செடியும் சேர்க்கலாம். புல் குறைந்த நாளில் பெரிய வாத்து ஒன்றுக்கு 150 முதல் 200 கிராம் நெல்லோ கம்போ போதும். விழுங்கிய தீனியை வயிற்றுக்குள் அரைத்துக்கொள்ள ஒரு சட்டியில் ஆற்று மணல் வையுங்கள்.

பூசைக்கு வளர்க்கும் அரளி இவற்றுக்குக் கொடிய நஞ்சு. வெட்டிப் போட்ட கிளையைக் கொத்தினாலும் போதும். அரளியைச் சுற்றி வேலி போடுங்கள், கழித்த கிளைகளை அன்றே அகற்றுங்கள். பழைய வீட்டில் மராமத்து நடந்தால் ஆணி, கம்பித் துண்டு, உதிர்ந்த சாயம் எதையும் தோட்டத்தில் விடக் கூடாது. மின்னுவதையெல்லாம் இவை விழுங்கிப் பார்க்கும்.

தண்ணீர்

குளம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூக்குத் துளையும் கண்ணும் முங்கும் ஆழத்தில் குடிதண்ணீர் இருந்தால் உயிர் வாழும். கோழித் தண்ணீர்க் குவளை இதற்குப் போதாது. மூக்கில் தீவனம் அடைத்துக் கண் சீழ் பிடிக்கும். முட்டை கருக்கூட வேண்டுமானால் மட்டும் முழங்கால் ஆழத் தொட்டி நல்லது.

ஊர் குடிக்கும் ஊருணியில் இறக்கிவிடுவது பெரிய தவறு. கோடையில் வற்றிக் குழம்பிய கண்மாயும் ஆபத்து: செத்த மீன் அழுகும் சேற்றில் உண்டாகும் நஞ்சு கழுத்தைத் தொங்கச் செய்து கொன்றுவிடும். மழைக்காலத்தில் வேறு கவலை. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக் கண்மாய்களுக்கும் சுற்றுப்புற நீர்நிலைகளுக்கும் வெளியூர்ப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் வீட்டு வாத்தை அங்கே மேயவிட்டால் நோய் இரண்டு பக்கமும் தொற்றும்.

முட்டை, அடை

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கியதும் முட்டையிடத் தொடங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் ஆண்டு முட்டையில் கரு கூடியது குறைவு. அதை வைத்து வாத்தைக் கழித்துவிடாதீர்கள். அடைக்கு வைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது, ஏழு நாளுக்கு மேல் சேமிக்கவும் கூடாது. கோழியை அடைகாக்க வைத்தால் நான்கு முட்டை போதும். 120 கிராமுக்கு மேல் எடையுள்ள முட்டையை அது புரட்டாது. பென்சிலால் குறி போட்டு நாளுக்கு மூன்று முறை நீங்கள்தான் புரட்ட வேண்டும். 28 முதல் 31 நாளில் பொரியும். ஓடு விரிசல் விட்டு ஒரு நாள் கடந்தும் குஞ்சு வராமல் இருப்பது இயல்பு. பொறுக்காமல் ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து செத்துவிடும்.

காவல், கூடு, பிடிப்பது

பூட்டிய வீட்டில் இரண்டு வாத்தை விட்டு, ஒருவேளை வந்து தீனி போட ஆள் வைத்தால் காவல் ஆகாது. கத்த மட்டுமே அவற்றால் முடியும். கேட்க ஆள் இருக்க வேண்டும். இரவில் தெருநாயும் நரியும் கீரியும் வரும். வாத்துக்கு 8 முதல் 10 சதுர அடி கணக்கில் கம்பிவலைக் கொட்டகை, மேலே கீற்று. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உடனே மாற்றுங்கள், அதன் தூசி நுரையீரலைப் பிடிக்கும். கால்நடை மருந்தகத்தில் வாத்துப் பிளேக் தடுப்பூசி கேட்டுப் போடுங்கள்.

கோழியைப்போல் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது எல்லாவற்றிலும் கொடுமை. உடலின் எடைக்குத் தொடை மூட்டு நழுவிவிடும். தலைக்குக் கீழே கழுத்தை மெல்லப் பிடித்து நிறுத்தி, மறு கையால் இரண்டு இறக்கையையும் உடலோடு அணைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்க அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். அப்போது கடிக்கவும் எட்டாது, எச்சமும் உங்கள் முன்பக்கம் தரையில் விழும்.