கிரானிக் சப்டூரலில் தீசிஸ் செய்வது எப்படி?

எம்.சிஎச். நியூரோசர்ஜரி (மூளை, நரம்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு) சேர்ந்து தீசிஸுக்குத் தலைப்பு தேடும் தம்பி, தங்கைகளே, அபூர்வமான கட்டிகளைத் தேடி அலையாதீர்கள். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் என எந்த வார்டுக்குப் போனாலும் கிரானிக் சப்டூரல் (மூளையின் வெளியுறைக்கு அடியில் மெல்லச் சேர்ந்த பழைய ரத்தம்) வந்த பெரியவர் ஒருவர் படுத்திருப்பார். அதை எடுங்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று போதும். மண்டையோட்டில் சிறு துளை (பர் ஹோல்) போட்டுப் பழைய ரத்தத்தை எடுத்த பிறகு, மிச்சத்தை வடிக்கும் குழாயை (டிரெய்ன்) வைத்தால், ரத்தம் திரும்பச் சேர்வது குறையுமா? கேம்பிரிட்ஜில் சந்தாரியஸ் குழு கேட்டது இவ்வளவுதான். 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் பதில் வந்தது: டிரெய்ன் வைத்தவர்களில் 9.3 சதவீதம் பேருக்கு, வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்குத் திரும்பச் சேர்ந்தது. மொத்தம் 215 நோயாளிகள்தான். பல இடங்களில் வழக்கமே மாறியது.

எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வராமல் ஒருவரையும் சேர்க்காதீர்கள். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் டிரையல் என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் கேஸ் ஷீட். "தலையில அடி பட்டுச்சுங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க சாமி" என்றுதான் பதில் வரும். பல வாரங்களுக்கு முன் கதவு நிலவுகாலில் தலையை இடித்துக்கொண்டது அவருக்கு அடிக் கணக்கிலேயே வராது. "மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடி எங்கயாச்சும் வழுக்குனீங்களா? பஸ்ஸுல தலை இடிச்சுதுங்களா?" என்று நோம்பியை வைத்துக் கேளுங்கள். மருமகளிடமும் தனியாகக் கேளுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை வாய்வார்த்தையாக விடாமல், மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

தீசிஸின் உயிர் ஆறாம் மாத ஃபாலோ-அப்பில் இருக்கிறது. சேர்க்கும்போதே மூன்று போன் நம்பர் வாங்குங்கள்: அவருடையது, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுடையது, பக்கத்து வீட்டாருடையது. தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பும் பொழுதில் கூப்பிடுங்கள். "எப்படி இருக்காருங்க?" என்றால் "நல்லா இருக்காருங்க" என்று முடித்துவிடுவார்கள். "தனியா பஸ் ஏறிச் சந்தைக்குப் போய்ட்டு வர்றாருங்களா? சில்லறை கணக்குப் பார்த்து வாங்கறாருங்களா?" என்று கேளுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு தேறினார் என்று அளக்கும், எட்டுப் படிநிலை உள்ள கிளாஸ்கோ அவுட்கம் அளவுகோலின் விரிவான வடிவமும் கடைக்குப் போவதையும் பயணத்தையும்தான் கேட்கிறது.

போன் எடுக்காதவரை 'தொடர்பில் இல்லை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். திரும்ப ரத்தம் சேர்ந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவராகவே இருக்கலாம்; அவரை விட்டுவிட்டால் நம் கணக்கு இருப்பதைவிட அழகாகத் தெரியும், அது பொய்க்கணக்கு. ஊர் தெரிந்தால் நேரில் போங்கள். இறந்துவிட்டார் என்றால் முதலில் துக்கம் விசாரியுங்கள். தேதியும் காரணமும் அதற்கப்புறம்.

எக்ஸெலில் பெயர் வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். போன் பேசிய அன்றே ஏற்றிவிடுங்கள்.